வண்டி கிளம்பிருச்சும்மா

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பையைக்கூட வைக்கவில்லை, "பார்க்கலாம்" கூப்பிட்டனுப்பினார். எங்கள் தலைமை அதிகாரிக்கு நான் வைத்த பெயர் அது. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்மா" என்பார், அப்புறம் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. இன்றைக்கு மட்டும் அவருக்குத்தான் தலைபோகிற அவசரம். எங்கள் கம்ப்யூட்டர் மெஷின்களின் அடிப்படை மென்பொருள் பாகம் ஒன்றில், திருடன் நுழைகிற மாதிரி ஓட்டை இருக்கிறதாம். தணிக்கைக்காரர்கள் பன்னிரண்டாம் தேதி மதியம் வருகிறார்களாம். அதற்குள் எல்லா மெஷினையும் புதுப்பித்துவிட வேண்டுமாம். இதே ஓட்டையைப் பற்றி நான் போன மாதம் எழுதிக் கொடுத்தபோது இந்த மனிதர் எங்கே போயிருந்தார்?

டிஸ்க் கேட்டேன். நகல் சர்வரில் ஊசி குத்த இடமில்லை என்றேன். "பார்க்கலாம்மா." வரவேற்பறையில் புதுசாக மீன்தொட்டி வந்திருக்கிறது. அதற்கு மட்டும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

வீட்டில் புலம்பினேன். தங்கை சிரிக்கிறாள், எங்கள் சின்னவள். "அந்த மீன்தொட்டில கொண்டுபோய் உன் சர்வரை வைக்கா, இடம் இருக்கு." கொழுப்பு. அவளை எங்கள் ஆபீஸ் அழைப்பு அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். ஆம்புலன்ஸ் கேட்டு ஊரிலிருந்து வருகிற போன் எல்லாம் அங்கேதான் வந்து விழும். என்னைவிட இப்போது அவளுக்குத்தான் அங்கே செல்வாக்கு. அழுகிறவர்களை அவள் மாதிரி யாரும் பேசி நிதானப்படுத்த மாட்டார்களாம். ஆம்புலன்ஸ்களை அனுப்பிவைக்கும் வண்டி மேசைக்காரர் சொன்னார். வீட்டில் வந்து அம்மாவை அழவைக்கிறாள், அது வேறு கதை.

மார்ச் 5, வியாழன்

இன்று முழுக்க ரெப்போ வேலை. கண் எரிகிறது.

ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். புதுப் பாகம் வேண்டுமென்றால் எந்த வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த வாசல்தான் ரெப்போ. அழைப்பு அறை மெஷின்களை வெளி இணையத்தில் மேயவிட முடியாது. அதனால் வெளியில் இருக்கும் பெரிய ரெப்போவை எங்கள் நகல் சர்வர் ராத்திரிதோறும் தானே நகலெடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். மெஷின்கள் அதனிடம் மட்டும்தான் கேட்கும். கேட்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த மகானுபாவர் எழுதிவைத்த கோப்புகளைத் திறந்தால் தலை சுற்றுகிறது. ஒரு மெஷின் என்றோ மூடிப்போன முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று அனுப்பியது யார், கையெழுத்து அசல்தானா என்றெல்லாம் பார்க்காமல் கிடைத்ததை விழுங்குகிறது. யார் பெற்ற பிள்ளையோ! எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரே மாதிரி எழுதினேன். கையெழுத்துச் சோதனை கட்டாயம். சாயங்காலம் எல்லாம் ஒழுங்காகப் பேசிக்கொண்டன. யாரும் பாராட்டப்போவதில்லை, நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நியாயமாக, சோதித்துப் பார்த்த நாளில் ரெப்போ எப்படி இருந்ததோ அதை அப்படியே உறையவைத்துத் தனியாக ஒரு பிரதி எடுக்க வேண்டும். அதிலிருந்துதான் எல்லா மெஷினுக்கும் கொடுக்க வேண்டும். பிரதி எடுக்க எங்கே இடம்? இடம் போதாமல், புதுசு வந்ததும் பழசை அழித்துவிடு என்றுகூட நகல் சர்வருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

மார்ச் 9, திங்கள்

பலியாட்டில் சோதித்தேன். என் அறையில் மூலையில் கிடக்கும் பழைய மெஷின். எதுவானாலும் முதலில் அதன் தலையில்தான். பெயர் சின்னவள் வைத்தது. அழைப்பு அறையில் ஓடும் அதே மென்பொருளை அதிலும் போட்டிருக்கிறேன். செய்த கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது, மென்பொருளுக்கு வயதாகிவிட்டது, எதைத் தொட்டாலும் கோபித்துக்கொள்ளும். அடிப்படைப் பாகத்தைப் புதுப்பித்தேன். மென்பொருள் சமர்த்தாகத் திறந்தது. போலி அழைப்பு போட்டுப் பார்த்தேன், இடம் காட்டியது, வண்டி காட்டியது. மூச்சு வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

உறையவைக்க முடியாவிட்டால் போகட்டும். வியாழன்வரைக்கும் ராத்திரி நகலெடுப்பை நிறுத்திவைத்தால் போதும், ரெப்போ நான் சோதித்தபடியே அசையாமல் இருக்கும். ஒரே ஒரு வரி. நேற்றிலிருந்து வெளியில் புதுசாக எதுவும் வரவில்லை, பார்த்துவிட்டேன். இது வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது, இங்கிருந்து நிறுத்த முடியாது; நாளைக்கு ஆபீஸிலிருந்து கிளம்புவதற்குமுன் நிறுத்த வேண்டும். மறக்கக்கூடாது.

மார்ச் 11, புதன்

அம்மாவுக்குக் கண் டாக்டர். சின்னவளுக்கு ஷிப்ட், அதனால் நான்தான். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். கண்ணில் சொட்டு விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அம்மா பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எங்கள் ரெண்டு பேரின் கல்யாணம் ஆகாத கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லிமுடித்தாள். எனக்கு மானம் போயிற்று. திரும்பும்போது மழை. நாளைக்குக் காலை ஷிப்டில் சின்னவளும் இருப்பாள், சேர்ந்தே போகலாம்.

மார்ச் 12, வியாழன்

இன்னைக்கு எழுத முடியலை.

மார்ச் 13, வெள்ளி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நேற்றுக் காலை, ஒவ்வொரு மெஷினாகப் போகலாம் என்றுதான் சொன்னேன். பாதியை இன்றைக்கு, மீதியை நாளைக்கு. பார்க்கலாம் கேட்கவில்லை. "அதான் சோதிச்சாச்சேம்மா? மதியம் அவங்க வரும்போது பாதிதான் ஆச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?" சரி, தொலையட்டும் என்று மொத்தத்துக்கும் கட்டளை கொடுத்தேன். பாகங்கள் இறங்கின. மெஷின்கள் ஒவ்வொன்றாக அணைந்து எழுந்தன. மென்பொருள் எழவில்லை. ஒரு மெஷினிலும் எழவில்லை. எல்லாத் திரையிலும் கறுப்பில் ஒரே ஒரு வரி. ஏதோ ஒரு பாகம் ஒத்துவரவில்லை என்று.

போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. போன் தனி வழி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஓரத்தில் அடித்தால் இன்னொரு ஓரத்தில் அடிக்கிறது, எடுக்கிறவர்களுக்கு முன்னால் திரை இல்லை. கூப்பிடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று காட்ட வழியில்லை. சின்னவள்தான் முதலில் எழுந்து கத்தினாள், "காகிதம்! எல்லாரும் காகிதத்துல எழுதுங்க!" ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு. எழுதி, ஓடிப்போய் வண்டி மேசைத் தட்டில் போட்டுவிட்டு, திரும்ப ஓடிவந்து அடுத்த போனை எடுக்க வேண்டும்.

நான் நகல் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். பாகத்தின் பதிப்பு எண் வேறு. திங்களன்று நான் சோதித்தது இது இல்லை. ராத்திரி வெளியிலிருந்து இன்னும் புதுசு வந்து இறங்கியிருக்கிறது. இறங்கியதும் பழசு அழிந்துவிட்டது. நான்தானே அழிக்கச் சொல்லியிருந்தேன். நகலெடுப்பை நிறுத்தவே இல்லை. ஒரே ஒரு வரி.

அழைப்பு அறை அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு பார்க்கலாமுக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. "ராத்திரி புதுசு இறங்கிருச்சு சார். நிறுத்தி வைக்க மறந்துட்டேன். பழசும் இல்ல." யாரோ என்னை இடித்துக்கொண்டு அலமாரியிலிருந்து காகிதக் கட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம்தான் பலியாடு ஞாபகம் வந்தது. திங்களன்று இறக்கிய பாகங்கள் அதன் வயிற்றில் அப்படியே கிடந்தன. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக ஓடினேன், அவசரத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். தணிக்கைக்காரர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசித் திரை எரிந்தது. பார்க்கலாம் அவர்களை மீன்தொட்டிப் பக்கம் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாராம்.

மார்ச் 14, சனி

ஒருத்தர் இறந்துவிட்டார்.

நெஞ்சுவலி. வியாழனன்று அவர் மனைவி கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது சின்னவள். விலாசம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், சீட்டும் தட்டில் போட்டிருக்கிறாள். வண்டி மேசைக்காரர் தட்டின் மேலே இருந்ததை எடுத்து எடுத்து வண்டி அனுப்பிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் மேலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் வந்த சீட்டு அடியில் போய்விட்டது. காகிதத்தில் வேலை செய்வதை யாரும் ஒத்திகை பார்த்ததே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொன்னதில்லை. யாரைச் சொல்வது?

ஆனால் அது மட்டும் இல்லை. அந்த அம்மா இரண்டாவது முறை கூப்பிட்டிருக்கிறார். மறுபடியும் சின்னவள்தான். "வண்டி கிளம்பிருச்சாம்மா?" "கிளம்பிருச்சும்மா, வந்துக்கிட்டே இருக்கு, கதவைத் திறந்து வைங்க." கிளம்பவில்லை. திரை இருக்கும்போது அவள் பொத்தானை அழுத்தினால் அடுத்த நொடி வண்டி எண் பச்சையாக எரியும். வருஷக்கணக்காக அந்த வாய் அதையே சொல்லிப் பழகியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வைத்திருக்கிறாராம். வண்டிதான் வருகிறதே என்று அந்த அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சின்னவள் சாப்பிடவில்லை. "கதவைத் திறந்து வைங்கன்னு சொன்னேன்க்கா" என்கிறாள். அதையே சொல்கிறாள்.

என் தப்பு இல்லை. இடம் கேட்டேன், கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போகலாம் என்றேன், கேட்கவில்லை. இடம் இருந்திருந்தால் நான் எதையும் நிறுத்தவே வேண்டியதில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. இதை எவன் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் 17, செவ்வாய்

பார்க்கலாம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள் என்று நினைத்திருந்தேன். நன்றாகவே கடிக்கத் தெரிகிறது.

வெளியிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். "நீ டிஸ்க் கேட்டதை நான் மறுக்கப் போறதில்லம்மா. ஆனா நீ அதைச் சொன்னா, நகலெடுப்பை நிறுத்த மறந்ததை நான் சொல்லவேண்டி வரும். போன்ல நீயே சொன்னது. ரெண்டு பேரும் போவோம். புது பாகத்துக்கும் பழைய மென்பொருளுக்கும் ஒத்துப்போகலை, அவ்வளவுதானே நடந்தது? அது பொய்யா?" பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"அப்ப யார் தலையில விழும்?" என்று கேட்டேன்.

"யார் தலையிலயும் விழாதும்மா. பார்க்கலாம்."

மார்ச் 20, வெள்ளி

அம்மா என்னைத் திட்டுகிறாள், "நீதானே அந்த வேலையில சேர்த்துவிட்டே, கூடப்பிறந்தவதானே, அவ வேலை போயிடாம போய் உங்க ஆபீஸ்ல பேசு." பேசுகிறேன் என்றேன். சின்னவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர் வீணாகிறது என்று அம்மா கதவைத் தட்டுகிறாள். எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போல இருந்தது. என்னையும் சேர்த்து.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும். எனக்கு எங்கேயும் வேலை கிடைக்கும். அவளுக்குத்தான் கிடைக்காது.

மார்ச் 24, செவ்வாய்

விசாரணை. பெரிய மேசை, ஒரு பக்கம் அதிகாரி, அறுபதை நெருங்கும் பெண்மணி, குரலை உயர்த்தவே இல்லை. எங்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். முதலில் அழைப்புப் பதிவை ஓடவிட்டார்கள். சின்னவள் குரல். "கிளம்பிருச்சும்மா, வந்துக்கிட்டே இருக்கு." அதிகாரி கேட்டார், "வண்டி கிளம்பினது உங்களுக்கு எப்படித் தெரியும்?" சின்னவள் சொன்னாள், "தெரியாது மேடம். பழக்கத்துல சொல்லிட்டேன். சொன்னது நான்தான்." ஒரு சாக்கும் சொல்லவில்லை. திரை போனதைப் பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

அப்புறம் என் முறை. "கோளாறுக்கு என்ன காரணம்?"

புது பாகத்துக்கும் பழைய மென்பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை என்றேன். சோதனையில் அது தெரியவில்லை என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அதிகாரி எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கேட்டார்! தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி கேட்டார். பார்க்கலாம் தன் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இல்லை மேடம்."

மார்ச் 25, புதன்

தலைவலி. லீவு.

ஏப்ரல் 2, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு தவிர்க்க முடியாதது. உறுதிசெய்யாத தகவலை அழைத்தவருக்குக் கொடுத்தது கடமை தவறியது. சின்னவளுக்கு வேலை இல்லை. வண்டி மேசைக்காரருக்கு ஒரு கண்டிப்பு. எனக்கு ஒன்றும் இல்லை, கடைசிப் பத்தியில் பாராட்டு. விரைந்து சரிசெய்தேனாம். படிக்கும்போது காது சுட்டது.

அழைப்பு அறைப் பெண்கள் அவள் பொருளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்வெட்டர், தொண்டைக்கு மாத்திரை. நான்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாங்கிக்கொண்டாள். "மாத்திரை பாதி இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

டிஸ்க் வந்துவிட்டது. கேட்டதைவிட இரண்டு மடங்கு பெரிசு. பார்க்கலாம் தானே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு வேலை இருக்கிறது, சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். மடித்த துணியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்குக் காகிதம் எடுக்க அலமாரிக்கு வந்தது நான்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"நிறுத்தி வைக்க மறந்துட்டேன்னு சொன்னியே, கேட்டுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை. நீயே சொல்வேன்னு இருந்தேன். அந்த ரூம்ல உன்னையே பார்த்துக்கிட்டு இருந்தேன், தெரிஞ்சுதா? இப்ப சொல்வா, இப்ப சொல்வான்னு."

"அப்ப நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது? என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ.

"நான் சொன்னது தப்புதான், அதுக்கு நான் பதில் சொன்னேன். உன்னுதுக்கு நான் எப்படிச் சொல்றது?" அப்புறம் அம்மாவின் புடவையை உதறி மடித்தாள். "உன் ரூம்லதான் ஏற்கெனவே ஒரு பலியாடு இருக்கே. இன்னொண்ணு எதுக்கு உனக்கு?"

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எங்கள் வீட்டுச் சண்டை எனக்குத் தெரியும், எட்டு வீட்டுக்குக் கேட்கும். அவள் கத்தவே இல்லை. துணியை அலமாரியில் வைத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

போனேன். காலையில் முதல் வேலையாகப் பார்க்கலாம் அறைக்குத்தான் போனேன். "விசாரணை மேடத்துக்கு எழுதப் போறேன். நகலெடுப்பை நான் நிறுத்தாததை, டிஸ்க் கேட்டதை, எல்லாத்தையும்."

அவர் மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தார். "எழுது. ஆனா ஒண்ணு யோசி. உனக்கு வேலை போகும். எனக்கும் போகும், போகட்டும், நான் வயசானவன். உன் தங்கச்சிக்குத் திரும்ப வருமா? ரெக்கார்டிங் அப்படியேதான் இருக்கும். அவ சொன்னது சொன்னதுதான். அப்ப வீட்டுல சம்பாதிக்கிறது யாரு? உங்கம்மாவை யாரு பார்த்துப்பா?"

அம்மாவைப் பற்றி அவரிடம் எப்போதோ நானே சொன்னதுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடிதத்தில் "மதிப்பிற்குரிய" வரை தட்டியிருந்தேன். டிஸ்க் பெட்டியைப் பிரித்தேன். மாட்டினேன். வேலை இருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சின்னவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலேயே பேசுகிறாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு." "அம்மா கூப்பிடறாங்க." அம்மாவுக்கு இன்னும் தெரியவில்லை. "என்னடி ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கிறவங்க மாதிரி" என்கிறாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அந்த அம்மா வந்திருந்தார். இறந்தவரின் மனைவி. ஏதோ சான்றிதழ் வாங்க. மீன்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு யாரென்று தெரியாது, வரவேற்புப் பெண்தான் காட்டினாள். பின்படி வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

மே 21, வியாழன்

இந்த முறை முறையாக. ஒன்றாம் தேதி ரெப்போவை உறையவைத்தேன், தனிப் பிரதி, அதற்குத் தனி வாசல். பலியாட்டில் அந்த வாசலிலிருந்து சோதனை. அப்புறம் பாதி மெஷின், ஒரு நாள் விட்டு மீதி. பழைய பிரதி பக்கத்திலேயே இருக்கிறது, ஏதாவது என்றால் ஒரு வரியை மாற்றினால் முன்னால் இருந்த இடத்துக்குப் போய்விடலாம். எல்லாத் திரையும் எழுந்தது. ஒரு போன்கூடத் தவறவில்லை. அழைப்பு அறையில் புதுப் பெண், சின்னவளின் நாற்காலியில், கேட்டாள், "எப்பவுமே இப்படி அலுங்காம நடக்குமா மேடம்?"

நடக்கும் என்றேன்.

காகிதச் சீட்டுக்கும் இப்போது ஒத்திகை உண்டு. தட்டில் அடியில் போட வேண்டும், மேலிருந்து எடுக்க வேண்டும். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆள் போன பிறகுதான் நம் ஆட்களுக்கு அறிவு வருகிறது. எனக்கும்தான்.

ஜூன் 9, செவ்வாய்

அம்மா பின்வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு.

நான் ஆபீஸில் இருந்தேன். தகவல் வந்தபோது அவர்கள் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். சின்னவள் தெருவுக்கு ஓடி, சாமான் இறக்க வந்த வேன் ஒன்றை மறித்து, டிரைவரும் அவளுமாக அம்மாவைத் தூக்கிப் பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். அம்மா வழிநெடுக அலறியிருக்கிறாள். நான் போனபோது ஊசி போட்டுத் தூங்கவைத்திருந்தார்கள். முகம் வெளிறிச் சுருங்கிக் கிடந்தது. சின்னவள் சட்டையெல்லாம் மண்.

டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் கோபக்காரர். படத்தைக் காட்டினார். விழுந்ததில் விரிசல்தான் விட்டிருக்கும் போல, உட்காரவைத்துக் குலுக்கிக் கொண்டுவந்ததில் விலகிவிட்டது, இனி அறுவைதான், இந்த வயதில் மறுபடி நடப்பது சந்தேகம்தான். "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தா படுக்கவெச்சுக் கொண்டுவந்திருப்பாங்களே? அந்த நம்பர் தெரியாதா உங்களுக்கு?"

சின்னவள் அவரைப் பார்த்துதான் பதில் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும் டாக்டர். கூப்பிட்டா வண்டி கிளம்பிருச்சுன்னு சொல்வாங்க. அதை நம்பி எங்கம்மாவைத் தரையில போட்டு வெச்சிருக்க முடியாது."

காலையிலிருந்து எங்கள் மெஷின்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவுக்கு மிகப் பக்கத்திலேயே ஒரு வண்டி சும்மா நின்றிருக்கிறது. வருகிற வழியில் போன் பண்ணிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் தாளில் எழுதினார். கையெழுத்துப் போட வீட்டில் மூத்தவர் யாராவது இருக்கிறார்களா என்றார். நான் முன்னால் வந்தேன். பெயர், விலாசம் சொன்னேன். என்ன வேலை பார்க்கிறீர்கள், எங்கே என்று கேட்டார். சின்னவள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னேன். ஒரு ஆபீஸில் என்று சொன்னேன்.